மூணே செஷன்ல படுத்துட்ட டி அண்ட் டி: வீட்டு ஆட்களை வச்சு ஆட வேற எந்த கேம் எடுக்கலாம்?

நாகர்கோவில்_டர்பன்:

எல்லாருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. துறைமுகத்துல கன்டெய்னர் கணக்குப் பாக்குற வேலை. நாங்க இருக்கிற பக்கம் சாயங்காலம் ஆறரைக்கு மேல தெருவுல ஈ காக்கா இருக்காது, அவங்கவங்க கேட்டைப் பூட்டிட்டு உள்ள போயிடுவாங்க. சனிக்கிழமை ராத்திரி ஆளுக்கொரு மூலையில போனை நோண்டிக்கிட்டு இருக்கிறதுக்கு ஏதாவது ஆடலாமேன்னு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆரம்பிச்சேன். ஆளுக்கொரு பாத்திரமா நடிச்சு, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தற விளையாட்டு. ஹாஸ்டல்ல ரெண்டு வருஷம் ஆடியிருக்கேன், அந்தத் தைரியம்தான்.

மேசையில அஞ்சு பேர். டிஎம், அதாவது கதையை நடத்தறவன், நான். என் வீட்டுக்காரி, பன்னெண்டு வயசுப் பொண்ணு, கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன், பக்கத்து வீட்டு அண்ணன். அண்ணன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், நாலாவது தலைமுறை. தமிழ் புரியும், பேச வராது. அவரோட ஆயாவும் கூட வருவாங்க. எழுபத்தெட்டு வயசு. ஆடறதுக்கு இல்ல, ஓரமா உக்காந்து டீ குடிச்சிட்டு பேரனை மேய்க்கிறதுக்கு.

முதல் சனிக்கிழமை கேரக்டர் ஷீட் (அவங்கவங்க பாத்திரத்தோட விவரத்தாள்) நிரப்பவே மூணு மணி நேரம் போச்சு. "ப்ரோ, இது வருமான வரி ஃபாரம் மாதிரி இருக்கே"ன்னார் அண்ணன். ரெண்டாவது வாரம், புதுசா ஆடறவங்களுக்கான 2014 ஸ்டார்ட்டர் செட் பெட்டியோட வந்த கதை. ரோட்டுல செத்த குதிரை, புதருக்குள்ள நாலு கோப்ளின், குட்டிப் பூதம் மாதிரி. என் பொண்ணோட மந்திரவாதி ரெண்டாவது ரவுண்டுலயே காலி. அவ ஒரு வாரமா உக்காந்து அந்த மந்திரவாதிக்கு அங்கி, கைத்தடி, பூனைக்குட்டி எல்லாம் வரைஞ்சு வச்சிருந்தா. சாப்பிடாமப் போய்ப் படுத்துட்டா. மூணாவது வாரம் வந்தது ரெண்டே பேர். அதுல ஒருத்தர் ஆயா.

கேம் தப்பா, நான் நடத்தற விதம் தப்பா? ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடியற மாதிரி, தமிழும் இங்கிலீஷும் கலந்து ஆடற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க. இன்னொண்ணு, டைஸ் செட் ஒண்ணே ஒண்ணுதான். அதுலயும் இருபது முகக் கட்டை சோபாவுக்கு அடியில போய்த் தொலைஞ்சிடுச்சு. புதுசா வரவழைச்சா டைஸ் விலையை விட அனுப்புற செலவு அதிகம்.

மிட்ராண்ட்காரன்:

தம்பி, மந்திரவாதி சாகல. நீங்கதான் கொன்னுட்டீங்க.

2014 ரூல்ஸ்படி கோப்ளின் ஒரு அடிக்கு ஒரு ஆறு முக டைஸ், கூட 2. அதாவது 3-லிருந்து 8 வரைக்கும். முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர்ப் புள்ளி ஏழோ எட்டோ தான் இருக்கும். ஒரே அடியில சுருண்டு விழறது சகஜம். ஆனா 0-க்கு வந்தா செத்தான்னு அர்த்தம் இல்ல, மயக்கம். அவன் முறை வரும்போதெல்லாம் இருபது முக டைஸ் போடணும், 10-ம் அதுக்கு மேலயும் விழுந்தா ஒரு நல்லது. மூணு நல்லது சேர்ந்தா உயிருக்கு ஆபத்து இல்ல, மூணு கெட்டது சேர்ந்தாதான் சாவு. 20 விழுந்துச்சுன்னா ஒரு புள்ளியோட எழுந்தே நிப்பான். அதுக்குள்ள கூட்டாளி ஒருத்தன் ஓடிவந்து காப்பாத்தலாம். குழந்தை கேரக்டர்னா கோப்ளின் அடிச்சுப் போடறதுக்குப் பதிலா குகைக்கு இழுத்துட்டுப் போகும்னு வைங்க, அடுத்த வாரத்துக்குக் கதை தானா கிடைக்கும்.

அந்தப் பெட்டிக்குள்ளயே அஞ்சு ரெடிமேட் கேரக்டர் இருக்கே, அதை ஏன் விட்டீங்க?

கேமை மாத்தறதா இருந்தா ஒரு யோசனை. 1860 நவம்பர் 16, மெட்ராஸ்லேருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேருது, ஒப்பந்தக் கூலிங்களை இங்க கொண்டுவந்த முதல் கப்பல், உள்ள 342 பேர். அதையே கதையா வைங்க. பக்கத்து வீட்டு அண்ணன் உருகிடுவார்.

டோங்காட்_டீச்சர்:

மிட்ராண்ட் தம்பி, முதல் பாதி நூத்துக்கு நூறு. கடைசிப் பத்திக்குக் கீழே வரேன்.

நான் காரைக்குடி, வாக்கப்பட்டு வந்து பதினோரு வருஷம். சனிக்கிழமை காலையில பிள்ளைங்களுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கறேன். வகுப்புல பேச வைக்கறதுக்காகத்தான் இந்த விளையாட்டுக்குள்ளயே வந்தேன். முதல் தடவை உங்களை மாதிரியே தடித்தடியா ரூல்ஸ் புத்தகத்தைத் தூக்கிட்டுப் போய் மூக்குடைபட்டேன்.

கேம் தேர்ந்தெடுக்கும்போது எது பேர் போனதுன்னு பாக்காதீங்க. உங்க மேசையில ரொம்பக் கூச்சப்படற ஆள் யாரு, அவங்க எத்தனையாவது நிமிஷத்துல வாயைத் திறப்பாங்கன்னு பாருங்க. டி அண்ட் டி-யில உங்க ஆயா வாயைத் திறக்க மூணு மாசம் ஆகும். உங்களுக்கு நான் சொல்றது ஹனி ஹைஸ்ட். கிராண்ட் ஹோவிட் 2017-ல வெளியிட்டது, மொத்த ரூல்ஸும் ஒரே பக்கம். எல்லாரும் கரடி, தேன் திருடப் போறாங்க, அவ்வளவுதான் கதை. கேரக்டருக்கு ரெண்டே குணம், ஒண்ணு கரடித்தனம், இன்னொண்ணு திருட்டுத்தனம். ரெண்டும் மூணுல ஆரம்பிக்கும். ஆறு முக டைஸ் போட்டு, அந்தக் குணத்தோட எண்ணுக்குள்ள விழுந்தா ஜெயம். திட்டம் சொதப்பிட்டா எரிச்சல்ல ஒரு புள்ளி திருட்டுலேருந்து கரடிக்குப் போகும், கச்சிதமா நடந்துட்டா பேராசையில இந்தப் பக்கம் வரும். கரடித்தனம் ஆறைத் தொட்டா மொத்தமா மிருகமாகி ஆட்டத்தை விட்டே போயிடுவீங்க, திருட்டுத்தனம் ஆறைத் தொட்டா கூட்டாளிகளையே காட்டிக் கொடுப்பீங்க. ஆளாளுக்குத் தொப்பி உண்டு. என் வகுப்புல முண்டாசு.

தமிழ்ல இதுக்கு இருக்கிற வசதி வேற எந்த மொழியிலயும் இல்லைன்னே சொல்லுவேன். கரடி விடறதுன்னா என்னன்னு நமக்குத் தெரியும். பூஜையில கரடி புகுந்ததும் தெரியும். அதனால நான் கதையையே காவடி அன்னிக்குக் கோயில் மடப்பள்ளிக்கு மாத்திட்டேன். பஞ்சாமிர்தத்துக்கு வச்சிருக்கிற தேன் குடத்தைத் தூக்கணும். வாசல்ல நாதஸ்வரம், உள்ள ஐயர், நடுவுல முண்டாசு கட்டின நாலு கரடி.

டைஸுக்கு வரேன். வீட்டுல பித்தளைத் தாயக்கட்டை இருக்கா? இருந்தா அதுவே போதும். கணக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். ஒரு கட்டையில 0, 1, 2, 3. ரெண்டு கட்டையை உருட்டினா மொத்தம் 16 விதமா விழும். பூஜ்யம் விழுந்தா நமக்குப் பன்னெண்டு, அதை வெளியில வைங்க. மிச்சத்துல 1, 2, 3 விழறது 16-க்கு 9 தடவை. ஆறு முக டைஸ்ல 3-க்குள்ள விழறது பாதிக்குப் பாதி. பெரிய வித்தியாசம் இல்ல, புதுசா ஆடறவங்களுக்கு ஒரு இழை சாதகம், அவ்வளவுதான். தாயம் விழுந்தா எந்தக் குணமா இருந்தாலும் ஜெயம், கூடவே இன்னொரு ஆட்டம். பன்னெண்டு விழுந்தா விபரீதம்: மேளம் நிக்கும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. இது ரூல்ல கிடையாது, என் கைச்சரக்கு. ஆனா தாயம்னு கத்தத் தெரியாத பாட்டி உண்டா?

பக்கத்து வீட்டு அண்ணனைப் பத்திக் கவலையே வேண்டாம். டர்பன்காரர்னா 'தண்ணி' சீட்டு ஆடாம வளர்ந்திருக்க மாட்டார். 24 சீட்டு, ஜாக்கிதான் பெரிசு, எதிர்ல உக்காந்திருக்கிற பார்ட்னருக்கு மூக்கைச் சொறிஞ்சு சைகை காட்டறது அதுல பாதி ஆட்டம். பொய் முகம் வைக்கத் தெரிஞ்ச ஆளுக்கு நடிக்கச் சொல்லித் தரணுமா? கேரக்டர் ஷீட்டைக் கையில கொடுக்காதீங்க. "மடப்பள்ளிக் கதவு சாத்தியிருக்கு, வாசல்ல வாட்ச்மேன், என்ன பண்றீங்க?"ன்னு நேரா கேளுங்க.

மொழி விஷயத்துல ஒரே ஒரு வழக்கம் வச்சிருக்கேன். ரூல் எந்த மொழியில வேணா பேசலாம், கரடி மட்டும் தமிழ்லதான் பேசணும். தப்பா இருந்தா திருத்தவே மாட்டேன். கரடிக்கு என்ன இலக்கணம்?

இப்ப அந்தக் கப்பல். தம்பி, நானும் அதே மாதிரி நினைச்சு ஒரு தடவை போட்டேன். கரும்புத் தோட்டம், ஒப்பந்தம், முதல் வருஷம் மாசம் பத்து ஷில்லிங், எல்லாம் படிச்சு வச்சுக்கிட்டுப் போனேன். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, அதுல ஒரு நம்பர், பேர், அப்பா பேர், ஊர். கப்பல் பட்டியல்ல அப்படித்தான் இருக்கும், ஒவ்வொருத்தருக்கும் நம்பர் உண்டு. ஆரம்பிச்சு இருபது நிமிஷம் இருக்கும். எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா சீட்டை மேசையில கவுத்து வச்சிட்டு, "எங்க தாத்தா நம்பர் எனக்குத் தெரியும், இது விளையாட்டு இல்லம்மா"ன்னார். சத்தமா சொல்லல. நான் தேதி படிச்சிருந்தேன், அவர் அதுக்குள்ளேயே பிறந்தவர். சீட்டையெல்லாம் பொறுக்கிட்டுப் பிரியாணிப் பாத்திரத்தைத் தூக்கிட்டு வந்தேன். அந்தக் கதையை ஆடவே கூடாதுன்னு சொல்லல. அவங்க கேட்டா ஆடுங்க, அவங்க சொல்ற கதையை ஆடுங்க. நாம கப்பல்ல வரல, விமானத்துல வந்தோம்.

அதுலேருந்து எந்தக் கேமா இருந்தாலும் மேசை நடுவுல எக்ஸ் போட்ட ஒரு அட்டை வைக்கறேன். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ்ங்கிறவர் கொண்டுவந்த வழக்கம். வேண்டாம்னு தோணினா தொட்டாப் போதும், காரணம் கேக்கக் கூடாது, அந்த இடத்தைத் தாண்டிப் போயிடணும். உங்க பொண்ணு முன்னாடி அது இருந்திருந்தா மந்திரவாதி இன்னிக்கு உயிரோட இருந்திருப்பான்.

மாரிட்ஸ்பர்க்_பையன்:

டென் கேண்டில்ஸ் ஆடுங்கண்ணா. பத்து மெழுகுவர்த்தி ஏத்தி வச்சு இருட்டுல ஆடற ஹாரர் கேம். வர்த்தி ஒண்ணு அணைஞ்சா ஒரு காட்சி முடியும், காத்துல அணைஞ்சாலும் அப்படித்தான். 2023-ல லோட் ஷெடிங் (மின்வெட்டு) உச்சத்துல இருந்தப்போ நாங்க அதுலதான் பொழுதை ஓட்டினோம். ஜெனரேட்டர் வீட்டுக்காரங்க எல்லாம் பொறாமைப்பட்டாங்க. கடைசி வர்த்தி அணையும்போது எல்லா கேரக்டரும் செத்துரும்.

டோங்காட்_டீச்சர்:

ஒரு மந்திரவாதி செத்ததுக்கே பிள்ளை பட்டினி கிடந்திருக்கு. நீ மொத்தப் பேரையும் கொல்லச் சொல்றே. நல்லா இருப்பா.

மிட்ராண்ட்காரன்:

டீச்சர், கப்பல் விஷயம் புரிஞ்சது. யோசிக்காம எழுதிட்டேன்.

நாகர்கோவில்_டர்பன்:

ரெண்டு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். போன சனிக்கிழமைதான் எல்லாரும் சேர முடிஞ்சது.

முதல்ல பொண்ணுகிட்ட, "உன் மந்திரவாதி சாகல, அப்பாதான் ரூலைத் தப்பாப் படிச்சிட்டேன், கோப்ளின் குகையில மயங்கிக் கிடக்கான்"னு சொன்னேன். "எனக்குத் தெரியும், நானும் அந்தப் புத்தகத்தைப் படிச்சேன்"னா. ஒரு வாரமா என்கிட்ட பேசாததுக்குக் காரணம் அதுதானாம்.

தாயக்கட்டை இருந்தது. வீட்டுக்காரியோட அம்மா கொடுத்து விட்டது, பருப்பு டப்பாக்களுக்குப் பின்னாடி மஞ்சள் பையில. அதை மேசையில வச்சதுதான் தாமதம், ஆயா டீ கிளாஸைக் கீழே வச்சிட்டாங்க. கட்டையை எடுத்து ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல தேய்ச்சு உருட்டினாங்க, டங்குன்னு மூணு. "இது எங்கம்மா வூட்ல இருந்திச்சி"ன்னாங்க. அதுவரைக்கும் அவங்க என்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசுவாங்க.

ஆட்டம் ஒண்ணே முக்கால் மணி நேரம். அண்ணன் வாட்ச்மேனை மடக்கறதுக்காகத் தன்னை ஒரு காவடியா ஜோடிச்சுக்கிட்ட கரடி. டீச்சர் சொன்னபடி கரடி தமிழ்லதான் பேசணும்னு சொன்னேனா, மனுஷன் அஞ்சு நிமிஷம் வெறும் "அரோகரா" மட்டுமே சொல்லி வாட்ச்மேனைத் தாண்டிட்டார். தம்பிக்காரன் நெய் டின்னுல வழுக்கினான். ஆயா கேரக்டர் எதுவும் எடுத்துக்கல. ஆனா பேரன் தேன் குடத்துக்குப் பக்கத்துல போனதும் பொறுக்க முடியல, "டேய், நீ அந்தாண்ட போ, ஐயர் இந்தாண்ட வர்றார்!"னு ஒரு சத்தம். 'அந்தாண்ட'ங்கிற வார்த்தையை அண்ணன் அவங்க வாயிலேருந்து கேட்டே பல வருஷம் ஆச்சாம். நான் உடனே, "ஆயா, நீங்க மரத்து மேல உக்காந்து வேவு பாக்குற கரடி"ன்னேன். "இந்த முட்டியை வச்சிக்கினு மரமா? கீழேயே குந்தறேன்"னாங்க. கீழேயே குந்தினாங்க.

தப்பு ஒண்ணு நடந்தது, அதையும் சொல்லிடறேன். பன்னெண்டு விழுந்தப்போ நான் கரடியைப் போலீஸ் பிடிக்கிற மாதிரி சொன்னேன், பொண்ணு பொசுக்குன்னு எக்ஸ் அட்டையைத் தொட்டா. ஏன்னு கேக்க வாய் வந்தது, அடக்கிட்டேன். போலீஸை எடுத்துட்டு அன்னதான வரிசையில மாட்டிக்கிட்ட மாதிரி மாத்தினேன். கரடிங்க நாலும் இலை போட்டு உக்காந்து சாப்பிட வேண்டியதாப் போச்சு.

அடுத்த சனிக்கிழமை பொண்ணுதான் நடத்தப் போறா. கோப்ளின் குகைக்குள்ள மந்திரவாதியை மீட்கப் போற கரடிங்களாம், ரெண்டு கேமையும் எப்படி ஒட்டுவான்னு எனக்குப் புரியல, கேட்டா சொல்ல மாட்டேங்கறா. இனி டைஸ் செட்டுல இருக்கிற ஆறு முகக் கட்டையைத்தான் நம்பணும். தாயக்கட்டையை ஆயா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க, பேரனை விட்டுக் கேட்டா "ப்ராக்டீஸ் பண்றேன்"னு பதில் வருது.