சோலரைசேஷன்: ஃபில்டர் தராத கறுப்புக் கோடு

சோலரைசேஷன் என்பது படத்தின் இருட்டு வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கும் முறை. எனக்கு இதில் ஆசை வந்தது புகைப்படக் கலைஞர் மேன் ரேயின் படங்களைப் பார்த்துத்தான். 1930-களில் பாரிஸில் அவர் எடுத்த முகங்களில் கன்னத்தையும் தோளையும் ஒட்டி மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடும். அது என் படங்களிலும் வர வேண்டும் என்று ஃபோட்டோஷாப்பில் உட்கார்ந்தேன்.

ஃபில்டர் மெனுவில் ஸ்டைலைஸுக்குள் சோலரைஸ் என்று ஒன்று இருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ அதில் எதுவும் கிடையாது. அழுத்தினால் படம் இருண்டு மங்கிவிடும். 0 முதல் 255 வரையான அளவில், பாதியைத் தாண்டிய வெளிச்சத்தை எல்லாம் அது தலைகீழாக்குகிறது: 200 இருந்த இடம் 55 ஆகும், 255 இருந்த இடம் 0 ஆகும். பாதிக்கு மேல் வெளிச்சமே மிஞ்சாது. வெளிச்ச அளவைச் சரிசெய்யும் லெவல்ஸ் பெட்டியில் வலது முக்கோணத்தை 128-க்கு இழுத்தால்தான் படத்துக்கு உயிர் வரும்.

நான் இப்போது அந்த ஃபில்டரைத் தொடுவதில்லை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு, ஒவ்வொரு வெளிச்ச அளவும் எதுவாக மாற வேண்டும் என்பதை ஒரு கோட்டால் சொல்லும் கர்வ்ஸ் லேயரில், அந்தக் கோட்டை 'வி' வடிவில் மடக்குகிறேன். இரண்டு முனையும் மேலே, நடு கீழே. இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் விளிம்பு நடு அளவைக் கடந்துதான் போக வேண்டும், அந்த இடம் கறுப்புக் கோடாகிவிடும். 'வி'யின் அடிமுனையை மெல்ல நகர்த்தினால் கோடு முகத்தின் மேல் ஊர்ந்து போவது தெரியும். என் நேரமெல்லாம் போவது இதில்தான், அவ்வளவு பிடிக்கும். விளிம்பு ரொம்பக் கூர்மையாக இருந்தால் கோடு உடைந்து புள்ளி புள்ளியாக வரும். கீழே உள்ள லேயருக்கு காஸியன் ப்ளர் என்ற மங்கலாக்கும் ஃபில்டரை ஒன்றிரண்டு பிக்சல் கொடுத்தால் சரியாகும்.

தயவுசெய்து ஜேபெக்கில் செய்யாதீர்கள். 'வி' கர்வ் டோன் வித்தியாசத்தை இரட்டிப்பாக்குகிறது, அதனால் கன்னத்தில் படிப்படியாகப் பட்டை விழும், ஜேபெக் கோப்பைச் சுருக்கியதால் வரும் சதுரக் கட்டங்களும் வெளியே தெரியும். கேமராவின் பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்து, டோன் படிகள் அதிகமுள்ள 16 பிட்டில் வேலை செய்யுங்கள்.

*

மேலே எழுதியவர் சொன்ன கர்வ்ஸ் வழி அருமை. ஆனால் நான் ஃபிலிம் கழுவும் இருட்டறையில் பழகியவன் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும்.

டெவலப்பர் தட்டில் உருவம் பாதி வந்ததும் வெள்ளை விளக்கை ஒரு கணம் போட்டு அணைத்து, மறுபடி டெவலப் செய்வோம். 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸில் அர்மான் சபாத்தியே இதை விவரித்துவிட்டார், அவர் பெயரில்தான் சபாத்தியே விளைவு. 1929-இல் மேன் ரேயிடம் சேர்ந்த புகைப்படக் கலைஞர் லீ மில்லர், இருட்டறையில் காலில் ஏதோ ஊர்ந்து போனதில் அலறி விளக்கைப் போட்டதாகவும், தொட்டியில் இருந்த நெகட்டிவ்களில் விளிம்புக் கோடு விழுந்ததாகவும் பின்னாளில் சொன்னார். மேன் ரேயின் பேரில் மட்டும் இதைப் பேசுவது எனக்கு உறுத்தும்.

கோடு எப்படி வருகிறது? டெவலப் ஆகும் பகுதியிலிருந்து வெளிவரும் புரோமைடு எல்லையில் தேங்கி, அங்கே டெவலப் ஆவதைத் தடுக்கிறது. நெகட்டிவில் அந்த இடம் தெளிவாக நின்றுவிடும், பிரிண்டில் கறுப்பாக வரும். பிரிண்ட் தாளிலேயே செய்தால் வெள்ளைக் கோடு கிடைக்கும். இதை மேக்கி கோடு என்போம்.

அதாவது, இது பக்கத்துப் பகுதி செய்யும் வேலை. கர்வ்ஸோ ஒவ்வொரு பிக்சலையும் தனியாகத்தான் பார்க்கும். அதனால்தான் நடு அளவு வெளிச்சம் எங்கே இருந்தாலும், கன்னத்தின் நடுவிலும்கூட, கறுப்புப் பட்டை போடுகிறது. நான் செய்வது: அசல் படத்தை இன்னொரு லேயராக எடுத்து, விளிம்புகளை மட்டும் கோடாக்கும் ஃபைண்ட் எட்ஜஸ் ஃபில்டர் போட்டு, நிறத்தை நீக்கி, லேசாக ப்ளர் செய்து, கீழே உள்ள படத்தை இருட்டாக்கும் மல்டிப்ளை முறையில் மேலே வைக்கிறேன். கண், புருவம், முடி எல்லாவற்றையும் மாஸ்க்கில் மறைத்து, தாடை, கழுத்து, தோள் ஓரங்களை மட்டும் விட்டுவைப்பேன். பின்னணி வெறும் சுவராக இருந்தால் பாதி வேலை மிச்சம்.

சபாத்தியே விளைவும்கூட அசல் சோலரைசேஷன் அல்ல, அசல் என்பது படம் எடுக்கும்போதே அளவுக்கு மீறிய ஒளியால் நடப்பது. 1939-இல் கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த படத்தில் சூரியனே கறுப்பு வட்டமாக நிற்கும்.

*

மேலே எழுதிய இருவரையும் போல இல்லாமல், நான் கிம்ப் என்ற இலவச மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். அதன் கர்வ்ஸ் பெட்டியில் கையால் வரையும் வசதி இருக்கிறது, 'வி' போடுவது சுலபம். நிறையப் படம் இருந்தால் பைத்தான் நிரல்மொழியில், படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்தின் சோலரைஸ் போதும். எந்த அளவுக்கு மேல் தலைகீழாக்க வேண்டும் என்று நாமே எண் கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் 128.

முகத்தைவிடப் பூவும் இலையும்தான் எனக்குப் பிடித்தவை. நிறத்தோடு செய்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியே மடங்குவதால் தோல் பச்சையும் ஊதாவுமாகி நோயாளி முகமாகிவிடும். தாமரை இதழில் அதே மாற்றம் கண்ணை நிறைக்கும். பின்னாலிருந்து வெயில் விழும் அரச இலையை எடுத்துப் பாருங்கள், நரம்புகள் எல்லாம் தனித்து எழுந்து நிற்கும்.