புதுப்பிப்பு: வீட்ல பொருள் குறைக்கிற கதை என்னாச்சுன்னா

வீட்ல பொருள் சேந்துக்கிட்டே போகுது, எது நிஜமாவே தேவை எது சும்மா கெடக்குதுன்னு பிரிக்கப் போறேன்னு முன்னாடி எழுதியிருந்தேன்ல, பாதி முடிஞ்சுது.

துணி ஈஸியா போயிடுச்சு. இழுத்தடிச்சது சார்ஜர், வயர், காலி போன் டப்பா எல்லாம் கெடக்கிற டிராயர்தான், எந்த போனுக்குன்னே தெரியாத சார்ஜர், ஆனா தூக்கிப்போட கை வரல, எப்பவாச்சும் தேவைப்படும்னு மனசு சொல்லிக்கிட்டே இருக்கு. கானெமன்ங்கிற உளவியல் ஆய்வாளரும், நெட்ச், தேலர்ங்கிற பொருளாதார ஆய்வாளர்களும் சேந்து 1990-ல வெளியிட்ட ஒரு சோதனை இருக்கு, பாதி பேருக்கு காபி மக் குடுத்துட்டு என்ன விலைக்கு விப்பீங்கன்னு கேட்டா, மக் இல்லாதவங்க குடுக்க ரெடியா இருந்தத விட சுமார் ரெண்டு மடங்கு சொன்னாங்க! கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான், அதுக்குள்ள "என்னோடது" ஆயிடுச்சு. அதனால இப்பல்லாம் "இது வேணுமா"ன்னு கேக்கிறதில்ல, "இது இல்லாம இருந்தா இன்னிக்கு காசு போட்டு வாங்குவேனா"ன்னு கேக்கிறேன். டிராயர் முக்கால்வாசி காலி.

அப்ப எதத்தான் சேத்து வைக்கிறதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. ஹார்வர்டுல 1938-லேந்து தொடர்ந்து நடக்கிற ஆய்வுல, வயசான காலத்துல ஆரோக்கியமா சந்தோஷமா இருக்கிறதுக்கு நல்ல உறவுகள் ரொம்ப முக்கியம்னு வந்துச்சு. அதுக்காக காசே வேணாம்னு சொல்ல வரல, வாடகைக்கும் மருந்துக்கும் திண்டாடுறவங்ககிட்ட போய் இதப் பேசினா நம்மளத்தான் அடிக்கணும்.

அடுத்தது புக் ஷெல்ஃப், அதுல வீட்ல சண்டை நிச்சயம்.