சுயமரியாதைத் திருமணத்துக்கு உறுதிமொழி எழுதியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எங்களுக்குத் திருமணம் ஆகி ஐந்து மாதம் ஆகிறது. புரோகிதர் இல்லாமல், உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொண்ட திருமணம். மண்டபம், பந்தி, அழைப்பிதழ் என்று மற்ற எல்லாவற்றுக்கும் யோசனை சொல்ல ஆள் இருந்தார்கள், உறுதிமொழியை எப்படி எழுதுவது என்று சொல்ல மட்டும் ஒருவரும் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீங்களும் எழுதினால் அடுத்து பேனா எடுத்து உட்காருகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

தலைமை தாங்க ஒப்புக்கொண்ட பெரியவர், தான் நடத்திவைக்கும் திருமணங்களில் வழக்கமாகக் கொடுக்கும் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இன்ப துன்பங்களில் சமபங்கு, உற்ற நண்பர்களாக வாழ்வோம் என்று நல்ல வரிகள். ஆனால் மணமகன் பகுதியில் 'உன்னை என் துணைவியாக' என்றும், மணமகள் பகுதியில் 'தங்களை என் துணைவராக' என்றும் இருந்தது. சமபங்கு மூன்றாவது வரியில்தான் வருகிறது, முதல் வரியிலேயே ஒருவர் மேலே ஒருவர் கீழே. கல்லூரிக் காலத்தில் இருந்து என் கணவரை நான் நீ, வா, போ என்றுதான் பேசுகிறேன். திருமணத்தன்று மட்டும் தங்களை என்று எப்படிச் சொல்வது?

சரி, இரண்டு பேருமே 'உன்னை' என்று சொல்லிவிடலாம் என்றேன். அம்மா பதறிவிட்டார். "அத்தனை பேர் முன்னாடி மாப்பிள்ளையை நீன்னா சொல்லுவ? அவங்க வீட்டுல என்ன நினைப்பாங்க?" இரண்டு பேரும் 'உங்களை' என்று சொல்லிப் பார்த்தோம். அவர் என்னைப் பார்த்து "உங்களை என் மனைவியாக" என்றபோது என் வங்கிக் கிளைக்குக் கடன் கேட்டு வந்தவர் பேசுவது போல இருந்தது, நெஞ்சில் ஒட்டவே இல்லை. கடைசியில் அந்த ஒரு வரிக்கு நீயும் வேண்டாம் நீங்களும் வேண்டாம், பெயரையே சொல்லிக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். அதற்கும் அம்மாவுக்குத் தயக்கம்தான். முப்பத்திரண்டு வருடமாக அப்பாவின் பெயரை அம்மா வாயால் சொன்னதே இல்லை, வாக்காளர் பட்டியலுக்கு ஆள் வந்து கேட்டால்கூட எங்களில் ஒருவரைக் கூப்பிட்டுத்தான் சொல்லச் சொல்வார். இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் காய் நறுக்கிக்கொண்டே "பேர் சொல்றதுன்னா நல்லா சத்தமா சொல்லு, வாய்க்குள்ள முனகாத" என்றார்.

அடுத்த திருத்தம் தாத்தாவுடையது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். என் தாளில் 'நாங்கள் ஒருவரை ஒருவர் மதித்து நடப்போம்' என்று இருந்தது. "நீ இதை யாரைப் பார்த்துச் சொல்ற?" என்றார். அவரைப் பார்த்து என்றேன். "அப்போ நாம்னு எழுது. நாங்கள்னா சபைக்குச் சொல்ற சொல்லு. அவன் கண்ணைப் பார்த்து நாங்கள்னு சொன்னா அவனை வெளியே நிறுத்தின மாதிரி ஆயிடும்." எத்தனை தடவை வாசித்திருப்பேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. தாள் முழுக்க நாங்களை அடித்து நாம் ஆக்கினோம். வாசித்துப் பார்த்தபோது குரலே மாறியது.

எழுதும்போதுதான் நாங்கள் பேசாமல் விட்ட விஷயங்களும் வெளியே வந்தன. எனக்கு வங்கி வேலை, இடமாற்றம் வரும். நான் எப்படியும் கேட்டு வாங்கிக்கொண்டு அவர் ஊருக்கே வந்துவிடுவேன் என்று அவர் நினைத்திருக்கிறார், நானோ அவர் என்னோடு வருவார் என்று நினைத்திருக்கிறேன். நான்கு வருடப் பழக்கத்தில் இதைப் பேசியதே இல்லை. அன்று இரவு கொஞ்சம் சண்டைதான். ஆனால் மேடைக்கு முன்னால் வந்தது நல்லது.

*

எங்களுடையது பதிவாளர் அலுவலகத்தில், சிறப்புத் திருமணச் சட்டப்படி நடந்தது. நான் கிறிஸ்தவன், அவள் இந்து. நீங்கள் செய்த சுயமரியாதைத் திருமணம் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவில் வருகிறது, அது இரண்டு பேரும் இந்துக்களாக இருந்தால்தான். எங்களுக்கு அது பொருந்தாது, அதனால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்தோம். முப்பது நாள் அறிவிப்பு, மூன்று சாட்சிகள்.

பலருக்குத் தெரியாது, அந்தச் சட்டத்திலேயே சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருக்கிறது. 'இன்னாராகிய நான் உன்னைச் சட்டப்படியான என் மனைவியாக ஏற்கிறேன்' என்பதுபோல இரண்டு பேரும் ஒருவருக்கொருவர், அதிகாரியும் மூன்று சாட்சிகளும் கேட்கச் சொல்ல வேண்டும், இரண்டு பேருக்கும் புரிகிற எந்த மொழியிலும் சொல்லலாம். அதைச் சொல்லாமல் அந்தத் திருமணம் முழுமை ஆகாது என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. நான் அதைப் படித்துவிட்டு ஒரு வாரமாகத் தயாராகிப் போனேன். அங்கே எங்களுக்கு முன்னால் நாலு ஜோடி, பின்னால் ஒரு வரிசை. "இங்க இங்க கையெழுத்து போடுங்க" என்று பதிவேட்டைத் திருப்பி வைத்தார்கள். அவ்வளவுதான்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "சார், நாங்க ஒரு வார்த்தை சொல்லிக்கணும்" என்றாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார், சரி சொல்லுங்கள் என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் மின்விசிறி, கட்டுக் கட்டாகக் கோப்புகள், வாசலில் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஒற்றை வரியைத்தான் சொன்னோம். எனக்குத் தொண்டை அடைத்தது. சாட்சிக்கு வந்த என் நண்பன் அழுதுவிட்டான். வீட்டார் யாரும் வராத திருமணத்தில் எங்களுக்கு என்று இருந்த சடங்கு அந்த ஒரு வரிதான். பதிவுத் திருமணம் செய்கிறவர்கள் தயவுசெய்து கையெழுத்தோடு விட்டுவிடாதீர்கள், அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

*

தாத்தா பாட்டி கதையைச் சொல்லலாமா? அவர்களுடையது 1961-இல், பள்ளிக்கூடத் திடலில் பந்தல் போட்டு நடந்த சுயமரியாதைத் திருமணம். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உறுதிமொழியை அவருடைய அண்ணன் தினமும் சாயங்காலம் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைத்திருக்கிறார், பாட்டி மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டே மாட்டிடம் சொல்லிப் பழகினாராம். மேடையில் தலைவர் துண்டு துண்டாகச் சொல்லித் தரத் தொடங்க, பாட்டி அவருக்குக் காத்திருக்காமல் கடகடவென்று கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. அன்றுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒலிபெருக்கியில் தன் குரலைக் கேட்டாராம்.

அந்த ஊரில் அதற்கப்புறம் பல வருடம் "உங்க கல்யாணம் செல்லாதாமே" என்று சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது 1928-இல், ஆனால் 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லாது என்றுதான் தீர்ப்புச் சொன்னது. 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தம்தான் அதை மாற்றியது, அதற்கு முன்னால் நடந்தவற்றுக்கும் சேர்த்து. பாட்டிக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். சட்டம் வந்த செய்தியைக் கேட்டுவிட்டுத் தாத்தா மிட்டாய் வாங்கி வந்தாராம், பாட்டி "நான் அன்னைக்கே சொல்லிட்டேனே, இப்ப என்ன புதுசா" என்று கேட்டாராம்.

எண்பது வயது தாண்டியும் அந்த வரிகளில் பாதி பாட்டிக்கு ஞாபகம் இருந்தது. எழுதுகிறவர்கள் இதை யோசியுங்கள், மனப்பாடம் ஆகிற வரியாக இருந்தால் நிற்கும். நீள நீளமாக எழுதியதைத் தாள் பார்த்துத்தான் படிக்க முடியும், படித்தது அன்றோடு போய்விடும்.

*

என் திருமணம் வைதீக முறையில் நடந்தது, இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் முதலில் எழுதியவர் 'உற்ற நண்பர்கள்' என்று சொன்னது என்னை நிறுத்தியது.

நாள் குறித்ததும் வாத்தியாரிடம் போய், நாங்கள் சொல்லப்போகிற மந்திரத்துக்கு அர்த்தம் வேண்டும் என்று கேட்டோம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சொன்னார். சப்தபதியில் ஒவ்வொரு அடிக்கும் ஒன்று, உணவுக்கு, பலத்துக்கு, விரதத்துக்கு என்று போய் ஏழாவது அடி முடிந்ததும் 'ஸகா' என்று வருகிறது. தோழமை. ஏழடி சேர்ந்து நடந்தாய், இனி நீ என் தோழி என்று சொல்வது. இரண்டு வேறு வழியில் வந்த சடங்குகள், இரண்டுமே நட்பில் வந்து நிற்பதை இப்போது இங்கே படித்தபோதுதான் கவனித்தேன்.

ஆனால் நடக்கும்போது அத்தனையும் என் கணவர்தான் சொன்னார், நான் நடந்தேன், அவ்வளவே. எனக்குச் சொல்ல வரி இல்லை. வாத்தியாரிடம் கேட்டு, ஏழாவது அடி முடிந்ததும் நானும் தமிழில் ஒரு வரி சொல்ல அனுமதி வாங்கினேன். "நீயும் என் தோழன்." சத்தம்போட்டுக்கூடச் சொல்லவில்லை, நாதஸ்வரத்தில் முன் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது.

*

நாலு நண்பர்கள், ஒரு வாடகை வீட்டு மாடி, இரண்டு மாலை. எங்கள் திருமணம் இவ்வளவுதான். வீட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள். உறுதிமொழியை நோட்டுத் தாளில் நானே எழுதினேன், பயத்தில் கை நடுங்கியதால் எழுத்து கோணல். நாலு வரி. அதில் 'எந்த நிலையிலும் உன்னைத் தனியாக விட்டுப் போக மாட்டேன்' என்ற வரியை அவன் இரண்டு தடவை சொன்னான்.

ஊர் அறியச் செய்யாதது செல்லாது என்று பின்னால் பலர் பயமுறுத்தினார்கள், அதே கருத்தில் 2014-இல் ஒரு உயர் நீதிமன்றத் தீர்ப்பும் இருந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், 7ஏ திருமணத்துக்கு ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று சொன்னது. அந்தச் செய்தி வந்த அன்று இரண்டு பேரும் வேலைக்கு விடுப்புப் போட்டோம். திருமணப் பதிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், 90 நாளுக்குள் செய்ய வேண்டும். அந்த நோட்டுத் தாள் இன்னும் இருக்கிறது.

*

உறவினர் வீட்டுத் திருமணங்களைச் சிலது நடத்திவைத்திருக்கிறேன். வாழ்த்துப் பகுதிக்கு அகநானூறு 86-ஆம் பாட்டை வைப்பது என் வழக்கம். பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் மணப்பெண்ணின் தலையில் பூவும் நெல்லும் கலந்த நீரைச் சொரிந்து வாழ்த்துவதாக வரும், 'பெற்றோற் பெட்கும் பிணையை ஆக' என்று. உன்னை மனைவியாகப் பெற்றவன் விரும்பும் துணையாக இரு என்று அர்த்தம். போன வருடம் ஒரு மணப்பெண் கேட்டாள், "மாமா, இது எனக்கு மட்டும்தானே சொல்லுது, அவருக்கு ஒண்ணும் இல்லையா?" எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன், அந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. அன்று நால்வரையும் மாப்பிள்ளையின் தலையிலும் பூ போடச் சொல்லி, 'இவள் விரும்பும் துணையாக நீயும் இரு' என்று சொல்லவைத்தோம். இப்போது எல்லா மேடையிலும் அப்படித்தான்.

*

முதலில் எழுதியவள் நான்தான், எல்லோருக்கும் நன்றி. பாட்டி கதையை என் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார்.

எங்கள் உறுதிமொழித் தாளையும் இங்கே போடுகிறேன். பெயர் வரும் இடத்தை மட்டும் விட்டு அப்படியே தருகிறேன், இரண்டு பேருக்கும் ஒரே வரிகள்:

"....... ஆகிய நான், .......-ஐ என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன். (அவர் சொல்லும்போது 'என் மனைவியாக'.) சம்பாதிப்பது யாராக இருந்தாலும் செலவை நாம் கலந்து பேசியே செய்வோம். வீட்டு வேலை நம் இருவருடையது. இரண்டு வீட்டுப் பெற்றோரையும் நாம் இருவரும் பார்த்துக்கொள்வோம். எந்த ஊருக்குப் போக வேண்டி வந்தாலும் உட்கார்ந்து பேசிய பிறகே போவோம். கோபம் வந்தால் சொல்லிவிடுவோம்."

'வாழ்க்கைத் துணை' என்ற சொல் எனக்குப் பிடிக்கும், ஆனாலும் கணவர், மனைவி என்றே வைத்தோம், சட்டத்தில் அப்படி இருப்பதால். மாலையோ மோதிரமோ தாலியோ உறுதிமொழியோ ஏதாவது ஒன்று போதும் என்றுதான் 7ஏ சொல்கிறது, இருந்தாலும் வாயால் சொல்வது தெளிவாக இருக்கட்டும் என்று நினைத்தோம். கடைசி வரி முதலில் 'ஒரு நாளும் கோபப்பட மாட்டேன்' என்று இருந்தது. அவர்தான் அடித்தார், இதை என்னால் காப்பாற்ற முடியாது என்று.

தாள் விஷயம்: பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு ஒரு மூச்சு என்று பிரித்து, கெட்டி அட்டையில் அச்சடியுங்கள், சாதாரணத் தாள் கை நடுங்கும்போது மைக்கில் சரசரக்கும். கெட்டிமேளக்காரரிடம் உறுதிமொழி முடிந்து மாலை மாற்றும்போதுதான் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மைக்கை யார் பிடிப்பது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். எங்களுக்கு என் தம்பி பிடித்தான், நான் அவர் பெயரைச் சொன்னபோது அவன் மைக்கை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினான்.