ஷீட் மல்ச்சிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

> புல்தரையைக் கொத்தாமல், அதன் மேலேயே அட்டைப்பெட்டிகளை விரித்து நனைத்து, எரு கொட்டிப் பாத்தி ஆக்குகிறோமே, அதைத் 'தாள் மூடாக்கு' என்று எழுதலாமா?

வணக்கம் ஐயா.

மூடாக்கு இருக்கட்டும். உழவர்கள் வாயில் புழங்கும் சொல் அது. 'தாள்'தான் உறுத்துகிறது. அறுவடைக்குப் பின் வயலில் நிற்பதை அரிதாள் என்கிறோம். தாள் மூடாக்கு என்றால் வைக்கோலைப் பரப்பச் சொல்வதாகவே படிப்பவர் நினைப்பார். 'நிலப்போர்வை'யும் சரிவராது; பிளாஸ்டிக் விரிப்புக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

வீட்டு முன்புறம் 10-க்கு 6 அடிப் புல்தரையில் போன ஆடியில் இதைச் செய்தேன். புல்லை ஒட்ட வெட்டி, ஒட்டுநாடாவை உரித்தெடுத்த அட்டைகளைப் பரப்பி, சொட்டச் சொட்ட நனைத்து, மேலே அரையடி மட்கிய எரு போட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால், நடுவில் புல்லெல்லாம் பழுப்பாக மட்கி மண்புழு நெளிகிறது. ஆனால் இரண்டு அட்டைகளின் விளிம்பு முட்டிய இடத்தில், நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையாக வெளிறிய அருகம்புல்! ஓர் அட்டை இன்னொன்றின் மேல் அரையடியாவது ஏறிப் படுத்திருக்க வேண்டும். கூரைக்குக் கீற்று வைப்பது அப்படித்தானே? அதனால் என் பரிந்துரை: வேய்மூடாக்கு. வினையாகச் சொன்னால், 'புல்தரையை அட்டையால் வேய்ந்தோம்'. செய்முறையின் உயிரே சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

> வேய் என்றால் மூங்கில் அல்லவா? 'அடுக்கு மூடாக்கு' எளிதாக இருக்குமே.

மூங்கில் என்ற பொருள் செய்யுளோடு நின்றுவிட்டது ஐயா. கூரை வேய்வது இன்றும் பேச்சில் இருக்கிறது. அடுக்கு என்பதை நானும் யோசித்தேன். அடுக்கினால் ஒன்றன் மேல் ஒன்று ஏறும், சரி. பக்கத்தில் சந்து விழக்கூடாது என்பது அதில் வரவில்லையே. வேண்டுமானால் தலைப்பில் 'வேய்ந்த மூடாக்கு' என்று பிரித்தே எழுதுவோம், மூங்கில் நினைப்பு வராது.

அப்புறம், விளக்கத்தில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: அருகும் கோரையும் மண்டிய தரையென்றால், வேய்வதற்கு முன் கொடியையும் கிழங்கையும் தோண்டி எடுத்துவிட வேண்டும். 'அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்தும் புல் அது, வெறும் அட்டைக்கு அடங்காது.