புதுப்பிப்பு: போக்கரில் தோற்றதும் நிதானம் இழப்பது பற்றிய என் கேள்வி

நல்ல சீட்டோடு தோற்றவுடன் ஆத்திரத்தில் கண்மூடித்தனமாகப் பந்தயம் கட்டி, மிச்சமிருப்பதையும் விட்டுவிடுகிறேன் என்று சென்ற மாதம் இங்கே எழுதியிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இதே சிக்கலோடு பின்னால் தேடி வருபவர்களுக்காக, நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

பதில்களில் வந்த, ஆத்திரம் தணிய மூச்சை எண்ணும் யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. பத்து எண்ணுவதற்குள் அடுத்த சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. கைகொடுத்தது, இங்கே தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து பதில் எழுதிய ஓர் அண்ணன் சொன்ன வழிதான்: அன்றைக்கு இழக்கத் தயாராக உள்ள தொகையை மட்டும் (எனக்கு 1,000 ரேண்ட்) உறையில் எடுத்துக்கொண்டு வங்கி அட்டையை வீட்டிலேயே விட்டுச் செல்வது, பெரிய தோல்விக்குப் பின் ஒரு முழுச் சுற்று ஆடாமல் எழுந்துவிடுவது.

போன சனிக்கிழமை சாட்ஸ்வர்த்தில், நண்பர் வீட்டு மேசையில், என் கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு ராஜா. எல்லோருக்கும் பொதுவாக மேசையில் வைக்கும் சீட்டுகள் விரியும் முன்பே, உறையிலிருந்த பணத்தில் பாதி பந்தயமாக நடுவே போய்விட்டது. அந்த நிலையில் ஏஸ் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 82 விழுக்காடு, ஆகவே ஐந்தில் ஒரு முறை தோற்பது இயல்பே என்று தெரிந்திருந்தும், கடைசிப் பொதுச் சீட்டாக மூன்றாவது ராஜா விழுந்து நான் தோற்றபோது காது இரண்டும் சுட்டன. எழுந்து சமையலறைக்குப் போய்த் தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டுத் திரும்பினேன். மீதி 500 ரேண்ட் அன்றிரவு முழுவதும் தாங்கியது.

எதிர்பாராதது ஒன்று உண்டு. ஆட்டக் குறிப்புகளை எழுதி வைத்துப் பார்த்ததில், தோல்விக்குப் பின் இழந்ததைவிட, பெரிய வெற்றிக்குப் பின் மிதப்பில் உதவாத சீட்டுகளையெல்லாம் ஆடி இழந்ததே அதிகம். இப்போது வென்றாலும் ஒரு சுற்று எழுந்துவிடுகிறேன், நண்பர்கள் கேலி செய்தாலும்.