4 வருட இடைவெளிக்குப் பிறகு விமான பாகங்களின் ஸ்ட்ரெஸ் அனாலிஸிஸ் (தகைவுக் கணக்கு) வேலைக்குத் திரும்ப வழி வேண்டும்

வணக்கம். குரோம்பேட்டை எம்ஐடியில் ஏரோநாட்டிக்கல் படித்தவள் நான். பெங்களூருவில் ஒரு தனியார் நிறுவனத்தில் 7 வருடம் விமான இறக்கையின் உட்சட்டங்களான ரிப், ஸ்பார்களுக்கு ஃபட்டீக் (திரும்பத் திரும்ப வரும் சுமையால் உலோகம் களைத்து விரிசல் விடுவது) கணக்குப் பார்த்தேன். இதற்கான மென்பொருள்களான நாஸ்ட்ரான், ஹைப்பர்மெஷ் இரண்டும் கைவந்தவை. 2021-ல் மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். இப்போது கோவையில் இருக்கிறேன், பெங்களூரு திரும்பத் தயார்.

8 மாதத்தில் 40 இடங்களுக்கு விண்ணப்பித்து 3 நேர்காணல் வந்தது. மூன்றிலும் தொழில்நுட்பச் சுற்று நன்றாகவே போனது. அப்புறம் "நடுவில் என்ன செய்தீர்கள்?" என்பதோடு நின்றுவிட்டது. மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வை எழுதலாம், அதற்கு வயது வரம்பு இல்லை, சரி. ஆனால் எனக்கு வேண்டியது இன்னொரு பட்டம் இல்லை, அந்தப் பழைய வேலைதான்.

முன்பு செய்தவை எல்லாம் ரகசிய ஒப்பந்தத்தில் இருப்பதால் ஒரு படம்கூடக் காட்ட முடியாது. அதனால் வீட்டிலேயே 2024-டி3 என்ற விமான அலுமினியக் கலவையில் துளையுள்ள தகட்டைக் கணினியில் மாடல் செய்தேன். துளையைச் சுற்றி மெஷ்ஷை (கணக்குக்காகத் தகட்டைப் பிரிக்கும் சிறு கட்டங்களை) பொடிப்பொடியாக்கியதும், துளையின் ஓரத்தில் தகைவு, தள்ளியுள்ள இடத்தைப் போல ஏறக்குறைய 3 மடங்கு என்ற கைக்கணக்கோடு ஒத்துவந்தது. அன்றிரவு அவ்வளவு சந்தோஷம். ஆனால் இதைக் கல்லூரிப் பிள்ளைகளே செய்வார்கள்.

இத்துறையில் ஆள் எடுப்பவர்கள் சொல்லுங்கள்: 7 வருட அனுபவம் உள்ளவர் எந்த மாதிரி ப்ராஜெக்ட்டைக் காட்டினால், இடைவெளியைப் பார்க்காமல் எடுப்பீர்கள்?