புதுப்பிப்பு: கார்பன் சைக்கிளின் கிறீச் சத்தம், காரணம் கிடைத்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: நானே கோர்த்த கார்பன் ஃபுல் சஸ்பென்ஷன் (முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும்) சைக்கிள், மேடேறும்போது ஒவ்வொரு மிதிக்கும் கிறீச்சிடுகிறது, ஃபிரேமில் விரிசலோ என்று. விரிசல் இல்லை! நிம்மதி.

பலர் பாட்டம் பிராக்கெட்டை (மிதிகளின் அச்சு சுழலும் பகுதி) காரணமாகச் சொன்னீர்கள். கழற்றித் துடைத்து மாட்டியும் சத்தம் போகவில்லை. அப்புறம் பின்பக்க அதிர்வைத் தாங்கும் ஷாக்கைக் கழற்றிவிட்டு, பின்சக்கரப் பகுதியைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தேன். அங்கேதான் கரகரப்பு. பின்பகுதி ஃபிரேமோடு சேர்ந்து அசையும் முக்கிய மூட்டில், அதாவது மெயின் பிவட்டில், பேரிங் ஒன்று துருவேறியிருந்தது. கனடாவின் வான்கூவர் அருகே நார்த் ஷோர் மலைப்பாதைகளில், மழையிலும் சேற்றிலும் குளிர்காலம் முழுக்க ஓட்டியிருக்கிறேன், வேறென்ன ஆகும்.

புது பேரிங்கைச் சுத்தியலால் மட்டும் தட்டி இறக்காதீர்கள். கோணலாக இறங்கினால் கார்பன் துளையே கெட்டுவிடும். நீளமான போல்ட்டில் இருபக்கமும் சரியான அளவு வளையம் வைத்து மெல்ல இறுக்கினேன், நேராக உட்கார்ந்தது. பிவட் போல்ட்டுக்கு, அது தளராமலிருக்க நீல லாக்டைட் பசை; இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் ஃபிரேம் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கினேன். சீட் போஸ்ட்டையும் துடைத்து வழுக்காமல் பிடிக்கும் கார்பன் பேஸ்ட் தடவி, கிளாம்பில் எழுதியுள்ளபடி 5 நியூட்டன் மீட்டரில் நிறுத்தினேன்.

ஞாயிறன்று மூன்று மணி நேரம் ஓட்டினேன். செயின் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஷாக்கின் ஏர் கேன் (காற்று அடைத்த உருளை) 50 மணி நேர சர்வீஸை நெருங்குகிறது, அடுத்த வாரம் அதுதான் வேலை.